சொத்து: வாசகர் கேள்வி – பதில்
‘என் மூலமாகத்தான் வாங்க வேண்டும்’ என்று ஏஜென்ட் எழுதிக் கேட்டால்?

பெங்களூரில் வீடு தேடும் வாசகர்கள் பலரிடம் ஏஜென்ட்டுகள் இப்போது ‘எக்ஸ்க்ளூசிவ் அக்ரிமென்ட்’ நீட்டுகிறார்கள். குறிப்பிட்ட காலத்துக்கு வேறு ஏஜென்ட்டிடம் போக மாட்டேன், வாங்கினால் இவருக்கே கமிஷன் தருவேன் என்று வாங்குபவர் எழுதிக் கொடுக்கும் ஒப்பந்தம் இது. இது பற்றி வந்த கேள்விகளுக்கு எங்கள் சொத்து ஆலோசனைக் குழு பதில் தருகிறது.

ஹொரமாவு, பானஸ்வாடி பக்கம் 95 லட்சத்துக்குள் பழைய மூன்று பெட்ரூம் ஃபிளாட் தேடுகிறோம். ஏஜென்ட் ஒருவர் நாலு பக்க ஒப்பந்தம் கொடுத்திருக்கிறார். ஆறு மாதம் வேறு யாரிடமும் போகக் கூடாது. 2% கமிஷன், ஜிஎஸ்டி தனி. 25,000 ரூபாய் முன்பணம். “இப்போது எல்லோரும் இப்படித்தான் போடுகிறார்கள்” என்கிறார். கையெழுத்துப் போடலாமா?
– வாசகி, ராமமூர்த்தி நகர்

அவர் கொடுத்தபடியே போடாதீர்கள். திருத்தி எழுதி வாங்கிய பிறகு போடலாம்.

வீடு வாங்க இப்படி ஓர் ஒப்பந்தம் வேண்டும் என்று நம் சட்டத்தில் எங்கும் கட்டாயம் இல்லை. ஆனால் போட்டுவிட்டால் அது செல்லும். 1872-ம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் ஏஜென்ட்டுகளுக்கென்றே ஓர் அத்தியாயம் இருக்கிறது. உங்கள் தாள் அதன் கீழ்தான் வரும். அதனால் “சும்மா ஒரு ஃபார்மாலிட்டி மேடம்” என்ற பேச்சை நம்ப வேண்டாம்.

ஏஜென்ட் கேட்பதிலும் நியாயம் உண்டு. நம் ஊரில் ஒரே ஃபிளாட் பத்து ஏஜென்ட்டுகள் கையில் இருக்கும். ஒருவர் மாதக்கணக்கில் அலைந்து வீடு காட்டுவார். கடைசியில் அதே வீட்டை இன்னொருவர் அரை சதவீதம் குறைத்து முடித்துக் கொடுப்பார். இதைத் தடுக்கத்தான் ஒப்பந்தம் கேட்கிறார். அந்த அளவுக்கு அவருக்குப் பாதுகாப்பு கொடுங்கள், அதற்கு மேல் வேண்டாம்.

இத்தகைய ஒப்பந்தங்களில் வழக்கமாக இருக்கும் ஒரு வாசகத்தைப் பாருங்கள்: “ஒப்பந்தக் காலத்திலும் அது முடிந்த 12 மாதங்களுக்குள்ளும் வாங்குபவர் பெங்களூரு எல்லைக்குள் எந்த வழியில் எந்தச் சொத்தை வாங்கினாலும், விற்பனை ஒப்பந்தம் கையெழுத்தாகும் நாளில் 2% கட்டணம் தர வேண்டும்.” இந்த ஒரே வரியில் நான்கு சிக்கல்கள் இருக்கின்றன. ஆறு மாத ஒப்பந்தம் உண்மையில் 18 மாதமாகிறது. ஹொரமாவில் தேடுபவர் எலக்ட்ரானிக் சிட்டியில் வாங்கினாலும் மாட்டுவார். ‘எந்த வழியில்’ என்றால் சொந்த அண்ணனிடம் வாங்கினாலும் கமிஷன். பத்திரம் பதிவாகாமல் போனாலும் பணம் போய்விடும்.

அதற்குப் பதிலாக இப்படி எழுதச் சொல்லுங்கள்: “ஒப்பந்தக் காலம் 60 நாள். ஹொரமாவு, பானஸ்வாடி, கல்யாண் நகர் பகுதிகளில், 95 லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட பழைய மூன்று பெட்ரூம் ஃபிளாட்டுகளுக்கு மட்டும் இது பொருந்தும். காலம் முடிந்த பிறகு 60 நாள் வரை, ஏஜென்ட் நேரில் காட்டி இணைப்பு 1-ல் தேதியோடு எழுதி இருவரும் கையெழுத்திட்ட வீடுகளை வாங்கினால் மட்டும் கட்டணம் உண்டு.” அந்த இணைப்பு 1 முக்கியம். ஒவ்வொரு முறை வீடு பார்த்து வந்ததும் அபார்ட்மென்ட் பெயர், பிளாக், ஃபிளாட் எண், தேதி, நேரம் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். வாட்ஸ்அப்பில் இருபது வீட்டு விளம்பரங்களைத் தள்ளிவிட்டு “எல்லாம் நான் அறிமுகம் செய்தது” என்று பின்னால் சொல்ல முடியாது.

விதிவிலக்குகளையும் அதே தாளில் எழுதுங்கள்: நீங்கள் ஏற்கெனவே பார்த்த வீடுகள் (பெயரோடு), உறவினர், அலுவலக நண்பர்கள் நேரடியாக விற்பது, பில்டர் விற்கும் புதிய ஃபிளாட், வங்கி ஏலம், பிடிஏ (பெங்களூரு வளர்ச்சி ஆணையம்) ஏலம்.

கமிஷன் எப்போது என்பதில்தான் சண்டை அதிகம் வருகிறது. வேறுவிதமாக எழுதாவிட்டால், வேலை முழுதாக முடிந்த பிறகுதான் ஏஜென்ட்டின் கட்டணம் பாக்கியாகும் என்கிறது ஒப்பந்தச் சட்டத்தின் 219-ம் பிரிவு. ஏஜென்ட்டுகளின் தாளில் ‘டோக்கன் கொடுத்த அன்று’ அல்லது ‘விற்பனை ஒப்பந்தத்தன்று’ என்று இருப்பது இந்தப் பாதுகாப்பைக் கழற்றிவிடத்தான். விற்பனை ஒப்பந்தத்துக்கும் பதிவுக்கும் நடுவில்தான் எல்லாம் உடையும்: வங்கி வக்கீல் பத்திரத்தில் குறை சொல்வார், இ-காத்தாவில் (மாநகராட்சியின் மின்னணுச் சொத்துப் பதிவு) பெயர் மாறியிருக்கும், விற்பவரின் சகோதரி பாகம் கேட்டு வருவார். எனவே கால் பங்கு விற்பனை ஒப்பந்தத்தன்று, முக்கால் பங்கு கிரயப் பத்திரம் பதிவாகும் அன்று என்று வையுங்கள். உரிமையில் குறை, கடன் மறுப்பு, விற்பவர் பின்வாங்கல் ஆகியவற்றால் நின்றுபோனால் கால் பங்கும் 15 நாளில் திரும்ப வர வேண்டும். 25,000 முன்பணத்தைக் கமிஷனில் கழிப்பதாகவும், 60 நாளில் வீடு அமையாவிட்டால் திருப்புவதாகவும் எழுதினால் கொடுங்கள், இல்லாவிட்டால் வேண்டாம்.

பெங்களூரில் வாங்குபவரிடம் 1% முதல் 2% வரை கேட்பது வழக்கம். எந்தச் சட்டமும் நிர்ணயித்த விகிதம் அல்ல. 95 லட்சத்துக்கு 2% என்றால் 1,90,000, அதன் மேல் 18% ஜிஎஸ்டி 34,200, ஆக 2,24,200 ரூபாய். 1% ஆனால் 1,12,100. ஜிஎஸ்டி பதிவு இல்லாத ஏஜென்ட் ஜிஎஸ்டி வசூலிக்கக் கூடாது; எண்ணைக் கேட்டு ஜிஎஸ்டி தளத்தில் சரிபாருங்கள்.

இந்தப் பணம் உங்கள் கையிலிருந்துதான் போகும் என்பதையும் கணக்கில் வையுங்கள். ரிசர்வ் வங்கி விதிப்படி, 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான வீட்டுக் கடன் வீட்டு மதிப்பில் 80%-ஐத் தாண்டக் கூடாது; 75 லட்சத்துக்கு மேற்பட்ட கடனுக்கு வரம்பு 75%. எனவே 95 லட்ச வீட்டுக்குக் கடன் அதிகபட்சம் 75 லட்சம், மீதி 20 லட்சம் உங்களுடையது. முத்திரை வரி, செஸ், சர்சார்ஜ் சேர்த்து 5.6%, பதிவுக் கட்டணம் 2025 ஆகஸ்ட் 31 முதல் 2%. மொத்தம் 7.6%, அதாவது 7.22 லட்சம். (அரசு நிர்ணயிக்கும் வழிகாட்டு மதிப்பு, விலையைவிட அதிகமானால் அதன் மேல் கணக்கிடுவார்கள்.) 2% கமிஷனும் சேர்ந்தால் கையிருப்பு சுமார் 29.5 லட்சம் வேண்டும். இதற்குக் கடன் கிடைக்காது.

நான் கையெழுத்துப் போட்டு இரண்டு மாதம் ஆகிறது. ஏஜென்ட் இரண்டே வீடு காட்டினார், அதுவும் பட்ஜெட்டுக்கு மேல். போன் எடுப்பதில்லை. ஒப்பந்தத்தில் ‘இடையில் முறித்தால் 3 லட்சம் அபராதம்’ என்று இருக்கிறது. எப்படி வெளியே வருவது?
– வாசகர், ஜீவன்பீமா நகர்

முதலில் அந்த 3 லட்சம். ஒப்பந்தத்தில் ஒரு தொகையை எழுதிவிட்டதாலேயே அது முழுதாகக் கிடைத்துவிடாது. ஒப்பந்தச் சட்டத்தின் 74-வது பிரிவின்படி, எழுதிய தொகையைத் தாண்டாமல் நியாயமான இழப்பீடு மட்டுமே கேட்கலாம். இரண்டு வீடு காட்டியதற்கு 3 லட்சம் நியாயம் என்று நிரூபிப்பது அவருக்கு எளிதல்ல. எனவே பயத்தில் பேரம் பேசாதீர்கள்.

கால வரம்பு உள்ள ஏஜென்சியைத் தக்க காரணமின்றி முன்கூட்டியே முறித்தால் இழப்பீடு தர வேண்டும் என்பது 205-ம் பிரிவு. அதில் ‘தக்க காரணமின்றி’ என்ற சொற்களைக் கவனியுங்கள். வேலை செய்யாததும், சொன்ன பட்ஜெட்டை மீறியதும் தக்க காரணம்தான். அதை எழுத்தில் நிறுவ வேண்டும். 206-ம் பிரிவு நியாயமான முன்னறிவிப்பும் கேட்கிறது. ஆகவே இரண்டு கடிதங்களாகச் செய்யுங்கள்.

முதல் கடிதத்தில் ஒப்பந்தத் தேதி, உங்கள் பட்ஜெட், காட்டிய இரண்டு வீடுகளின் பெயர், விலை, பார்த்த தேதி, பதிலில்லாத அழைப்புகளின் தேதிகள் ஆகியவற்றைக் குறிப்பிட்டு, “15 நாளில் பட்ஜெட்டுக்குள் குறைந்தது ஐந்து வீடு காட்டுங்கள்” என்று கேளுங்கள். மின்னஞ்சலிலும் ஸ்பீட் போஸ்ட்டிலும் அனுப்புங்கள். கோபமான வரி ஒன்றுகூட வேண்டாம். 15 நாளில் பதில் இல்லையென்றால் இரண்டாவது கடிதம்: “முதல் கடிதத்தில் சொன்ன காரணங்களால் இன்று முதல் ஒப்பந்தத்தை முடித்துக்கொள்கிறேன். நீங்கள் காட்டிய இரண்டு வீடுகளை வாங்கினால் மட்டும் கட்டணம் தருவேன்.” இந்தக் கடைசி வாக்கியம் உங்களை நேர்மையானவராகக் காட்டும், பின்னால் வழக்கு வந்தால் உதவும்.

இரண்டாவது கடிதத்துக்கு முன் இன்னொரு ஏஜென்ட்டோடு வீடு பார்க்கப் போகாதீர்கள். இரண்டு பேரும் கமிஷன் கேட்கும் நிலை பெரும்பாலும் இந்த அவசரத்தால்தான் வருகிறது.

சர்ஜாபுரம் சாலையில் புதிய திட்டம். “உங்களிடம் ஒரு பைசா வாங்க மாட்டேன்” என்று ஏஜென்ட் சைட்டுக்கு அழைத்துப் போனார். அங்கே என் போனுக்கு ஓடிபி வந்தது, சொன்னேன். இப்போது பில்டரிடம் நேராகப் போனால் “நீங்கள் அந்த ஏஜென்ட் கணக்கில் இருக்கிறீர்கள், நேரடி விலை கிடையாது” என்கிறார்கள். நான் எதிலும் கையெழுத்தே போடவில்லையே?
– வாசகர், பிடிஎம் லேஅவுட்

அந்த ஓடிபிதான் வேலையைச் செய்திருக்கிறது. பில்டரின் மென்பொருளில் உங்கள் எண் அந்த ஏஜென்ட்டின் பெயரில் பதிவாகிவிட்டது. இது பில்டருக்கும் ஏஜென்ட்டுக்கும் இடையிலான ஏற்பாடு. உங்களை எந்த வகையிலும் கட்டாது. நீங்கள் யாருக்கும் கமிஷன் தர வேண்டியதில்லை. ஆனால் உங்கள் பேரத்தை அது பாதிக்கும்: ஏஜென்ட்டுக்கு ஒரு தொகை தர வேண்டியிருப்பதால் பில்டர் உங்களுக்குக் குறைக்க யோசிப்பார்.

இந்தப் பதிவு என்றைக்கும் நிற்பதல்ல. 30, 60, 90 நாள் என்று ஒவ்வொரு பில்டரும் ஒரு கணக்கு வைத்திருப்பார். “என் எண் யார் பெயரில், எந்தத் தேதி வரை?” என்று விற்பனை அலுவலகத்துக்கு மின்னஞ்சல் அனுப்பிக் கேளுங்கள். அவசரம் இல்லையென்றால் அந்தத் தேதி தாண்டட்டும். அவசரமென்றால் சதுர அடி விலையை விட்டுவிட்டு மாடி உயரக் கட்டணம், கார் பார்க்கிங், கிளப் கட்டணம் ஆகியவற்றில் குறைக்கச் சொல்லுங்கள். அங்கே இளக்கம் அதிகம். இனிமேல் எந்த சைட்டிலும், ஓடிபி எதற்கு என்று கேட்காமல் சொல்லாதீர்கள்.

‘இலவச’ ஏஜென்ட்டுக்குச் சம்பளம் தருவது பில்டர். எந்தத் திட்டத்தில் அதிக கமிஷனோ அதைத்தான் முதலில் காட்டுவார். அதை மனதில் வைத்து அவர் பேச்சைக் கேளுங்கள். இவரிடம் எக்ஸ்க்ளூசிவ் ஒப்பந்தமும் போடும்படி வந்தால், “பில்டரிடம் கமிஷன் வந்தால் வாங்குபவரின் கட்டணம் பூஜ்யம்” என்ற வரி கட்டாயம்.

புதிய திட்டத்துக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும்: பதிவு செய்த விற்பனை ஒப்பந்தம் இல்லாமல் பில்டர் 10 சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது. ரேரா எனப்படும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின் 13-ம் பிரிவு இது.

ஏஜென்ட்டிடம் ரேரா பதிவு எண் இருக்கிறது. அப்படியென்றால் பயமில்லாமல் ஒப்பந்தம் போடலாம் அல்லவா?
– வாசகி, கே.ஆர். புரம்

பதிவு இருப்பது நல்லது. ஆனால் பழைய வீடு வாங்குபவருக்கு அது தரும் பாதுகாப்பு பலரும் நினைப்பதைவிடக் குறைவு. ரேரா சட்டத்தின் 9-ம் பிரிவு, ரேராவில் பதிவான திட்டத்தில் பில்டர் விற்கும் வீட்டை விற்றுக்கொடுக்கும் ஏஜென்ட்டைத்தான் பதிவு செய்யச் சொல்கிறது. அங்கே பதிவில்லாமல் வேலை செய்தால் நாளுக்கு 10,000 ரூபாய், வீட்டு விலையில் 5% வரை அபராதம். ஒரு குடும்பம் தன் பழைய ஃபிளாட்டை உங்களுக்கு விற்கும்போது அந்தப் பிரிவு வராது.

எண்ணை கர்நாடக ரேரா தளத்தின் ஏஜென்ட் பட்டியலில் போட்டுப் பாருங்கள். எண்ணின் நடுவில் ‘ஏஜி’ என்றால் ஏஜென்ட், ‘பிஆர்’ என்றால் கட்டுமானத் திட்டம். பில்டரின் திட்ட எண்ணைத் தன் விசிட்டிங் கார்டில் போட்டுக்கொள்பவர்களும் உண்டு. பதிவில் உள்ள பெயரும், ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் நிறுவனத்தின் பெயரும், ஜிஎஸ்டி பில்லின் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும்.

பழைய வீட்டு விவகாரத்தில் ஏஜென்ட் ஏமாற்றினால் நுகர்வோர் ஆணையம்தான் வழி. சம்பவம் நடந்து இரண்டு ஆண்டுக்குள், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் தரலாம். நீங்கள் கொடுத்த கமிஷன் 5 லட்சத்துக்குள் என்றால் புகார்க் கட்டணம் இல்லை. முதலில் 1915 என்ற உதவி எண்ணில் பேசிப் பாருங்கள்.

ஒரே ஏஜென்ட் விற்பவரிடமும் என்னிடமும் கமிஷன் வாங்கலாமா?
– வாசகர், விவேக் நகர்

இருவருக்கும் தெரிந்து, இருவரும் ஒப்புக்கொண்டால் வாங்கலாம். மறைத்து வாங்கினால் தவறு. “விற்பவரிடம் ஏதேனும் பெறுவதாக இருந்தால் டோக்கனுக்கு முன் எழுத்தில் தெரிவிக்க வேண்டும்; தெரிவிக்காவிட்டால் வாங்குபவரிடம் கட்டணம் இல்லை” என்று சேருங்கள். ஏஜென்சி வேலையில் தவறு செய்த ஏஜென்ட்டுக்கு அந்தப் பகுதி வேலைக்குக் கூலி கேட்க உரிமை இல்லை என்கிறது ஒப்பந்தச் சட்டத்தின் 220-ம் பிரிவு.

இதைவிட மோசமானது ஒன்று உண்டு. ஏஜென்ட்டே விற்பவரோடு முன்கூட்டி ஒப்பந்தமோ ஜிபிஏவோ (பொது அதிகாரப் பத்திரம்) போட்டுக்கொண்டு, விலையை ஏற்றி உங்களுக்கு விற்பார். பேரம் பேசும்போது உரிமையாளரைச் சந்திக்கவே விடமாட்டார். “அவங்க துபாயில இருக்காங்க” என்பார். இ-காத்தாவில் உள்ள உரிமையாளர் பெயரோடும், பதிவுத்துறையின் காவேரி தளத்தில் எடுத்த வில்லங்கச் சான்றோடும் விற்பவரின் பெயரைப் பொருத்திப் பாருங்கள். தாள்கள் கன்னடத்தில் இருக்கும். ஏஜென்ட் படித்துச் சொல்வதை எழுதிக்கொள்ளாமல், நீங்களே அமர்த்தும் வக்கீலிடம் கொடுங்கள். டோக்கன் பணம் உரிமையாளரின் வங்கிக் கணக்குக்கு மட்டும். ஜிபிஏ மூலம் மட்டும் சொத்துரிமை மாறாது என்று உச்ச நீதிமன்றம் 2011-லேயே தெளிவாகச் சொல்லிவிட்டது.

மகளும் மருமகனும் அமெரிக்காவில் வீடு தேடுகிறார்கள். வீட்டைப் பார்க்கவே ஒப்பந்தம் போட வேண்டும் என்கிறார்களாம். ஏமாற்று வேலையா?
– வாசகர், அல்சூர்

இல்லை. அங்கே 2024 ஆகஸ்ட் 17 முதல் வந்த நடைமுறை அது. ரியல்டர்கள் (வீட்டு ஏஜென்ட்டுகள்) சங்கத்தின் மீது வீடு விற்றவர்கள் தொடுத்த வழக்கில் ஏற்பட்ட சமரசத்தின்படி, எம்எல்எஸ் என்ற பொதுப் பட்டியலைப் பயன்படுத்தும் ஏஜென்ட், வாங்குபவரை வீடு பார்க்க அழைத்துப் போகும் முன் எழுத்தில் ஒப்பந்தம் போட வேண்டும். வீடியோ அழைப்பில் நேரலையாகக் காட்டுவதற்கும் இது பொருந்தும். யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கும் ‘ஓப்பன் ஹவுஸ்’ நடக்கும் வீட்டுக்குத் தாங்களாகப் போய்ப் பார்க்க ஒப்பந்தம் வேண்டாம்.

கட்டணம் திட்டவட்டமாக எழுதப்பட வேண்டும். “விற்பவர் எவ்வளவு தருகிறாரோ அவ்வளவு” என்று எழுத முடியாது. எழுதிய தொகைக்கு மேல் ஏஜென்ட் யாரிடமும் பெறக் கூடாது. கட்டணம் சட்டம் நிர்ணயித்ததல்ல, பேசிக் குறைக்கலாம் என்பதும் அதே தாளில் எடுப்பாக அச்சாகியிருக்க வேண்டும். உதாரணமாக 5,00,000 டாலர் வீடு, 2.5% கட்டணம் என்றால் 12,500 டாலர். விற்பவர் 2% தர ஒப்புக்கொண்டால் 10,000 அவர் தருவார். மீதி 2,500 உங்கள் மகளிடமிருந்து போகும். ஆகவே வீட்டு விலையைச் சொல்லும்போதே, ஏஜென்ட் கட்டணத்தை விற்பவர் ஏற்க வேண்டும் என்ற கோரிக்கையையும் சேர்த்துக் கொடுக்கச் சொல்லுங்கள். புதிதாகப் பழகும் ஏஜென்ட் என்றால் முதலில் ஒரே நாளுக்கு அல்லது ஒரே வீட்டுக்கு மட்டும் ஒப்பந்தம் போடலாம்; அதை விதிகள் தடுக்கவில்லை. மாநிலச் சட்டங்கள் வேறுபடும் என்பதால் பெரிய ஒப்பந்தத்தை அங்குள்ள வக்கீலிடம் ஒருமுறை காட்டட்டும்.

கமிஷனை ரொக்கமாகத் தந்தால் ஜிஎஸ்டி வேண்டாம் என்கிறார். தரலாமா?
– வாசகி, மடிவாளா

வேண்டாம். ரசீது இல்லாவிட்டால் நுகர்வோர் ஆணையத்தில் நீங்கள் பணம் கொடுத்ததற்கே சான்று இல்லை. வங்கி வழியாகக் கொடுத்து பில் வாங்கி வைத்தால், பின்னாளில் வீட்டை விற்கும்போது அந்தக் கமிஷனை, முத்திரை வரி, பதிவுக் கட்டணம்போல, வாங்கிய விலையோடு சேர்த்து மூலதன ஆதாய வரியைக் குறைத்துக்கொள்ளலாம். பில்லில் வீட்டு முகவரியும் ஃபிளாட் எண்ணும் இருக்கட்டும். விலை 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால் உரிமையாளருக்குத் தரும் பணத்தில் 1% டிடிஎஸ் (முன்கூட்டிப் பிடிக்கும் வருமான வரி) பிடித்துக் கட்டுவது உங்கள் பொறுப்பு. ஏஜென்ட் “நான் பார்த்துக்கறேன்” என்றாலும் உங்கள் பான் எண்ணில் நீங்களே கட்டி, சான்றிதழைக் கிரயப் பத்திரத்தோடு வையுங்கள். விற்பவர் வெளிநாட்டுவாழ் இந்தியர் என்றால் 1% கணக்கு பொருந்தாது. பணம் கொடுக்கும் முன்பே ஆடிட்டரைப் பாருங்கள்.